பெஹாலாவில் பட்டுப்போன இழை

கொல்கத்தாவில் ‘ஃபைபர்’ என்றதும் நினைவுக்கு வருவது சணல். 1855இல் ரிஷ்ராவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து, ஹூக்ளிக் கரையின் ஆலை ஊர்கள் வாழ்ந்ததும் தாழ்ந்ததும் இந்தத் ‘தங்க நாரை’ நம்பித்தான். ஆனால் நகரின் தென்மேற்கே உள்ள பெஹாலாவில், 1988இல் அந்தச் சொல்லுக்கு ஒரு கொடிய அர்த்தம் சேர்ந்தது.

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். தமிழ் அதைப் பிரித்துச் சொல்கிறது. வாழை மட்டையில் உரிப்பது நார். தறியில் ஓடுவது இழை. கீரையில் இருப்பது நார்ச்சத்து. தொலைபேசிப் பேச்சை ஒளியாகச் சுமப்பது கண்ணாடி இழை. மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டு செல்வது நரம்பிழை. முதுகின் கீழ்ப்பகுதியில் கிளம்பிக் கால் விரலை எட்டும் நரம்பிழை சுமார் 1 மீட்டர் நீளம்; தடிமனோ தலைமுடியைவிட மிகக் குறைவு.

பெஹாலாவில் பட்டுப்போனது இந்த இழைதான். ரேஷனில் வாங்கிய ரேப்சீட் எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட சுமார் 600 பேர் முடங்கினார்கள். எண்ணெயில் டிரைகிரெசைல் பாஸ்பேட் கலந்திருந்தது. பிளாஸ்டிக்கை இளக்கவும், எந்திர எண்ணெயில் சேர்க்கவும் பயன்படும் ரசாயனம் இது. சமையல் எண்ணெயோடு கலந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஓரிரு வாரம் கழித்தே கெண்டைக்கால் வலிக்கும். பிறகு பாதம் தொங்கும், கைகள் தளரும். நீளமான இழைகளே முதலில் பழுதாகும் என்பதால் முதல் அடி கால்களுக்கு. அதற்குள் அதே எண்ணெயில் எத்தனையோ வேளை சமையல் முடிந்திருக்கும்.

இது புதிய விஷமல்ல. 1930இல், மதுவிலக்கு அமலில் இருந்த அமெரிக்காவில், கலப்பட இஞ்சிச் சாராயம் குடித்த ஆயிரக்கணக்கானோரை இதுவே முடக்கியது. 1959இல் மொராக்கோவில் விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெய் சுமார் 10,000 பேரைப் பதம் பார்த்தது. அந்தப் பாடங்கள் மருத்துவ நூல்களில் ஏறின. பெஹாலாவின் ரேஷன் கடை வரை வந்து சேரவில்லை.

கை கால்களில் சிதைந்த நரம்பிழை, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடும். தண்டுவடத்துக்குள் இருப்பவை அப்படி வளர்வதில்லை. அதனால்தான் இந்த விஷம் தாக்கியவர்களில் பலருக்குக் கைகளில் வலு திரும்பினாலும் கால்களின் விறைப்பு நீங்குவதில்லை.

அறுந்த சணலை முடிச்சுப் போட்டுவிடலாம். இதற்கு முடிச்சு இல்லை. சோதனை நடக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி அல்ல, எண்ணெய் பீப்பாய்.