எஞ்சினும் பெட்டியும் பூட்டப்படும் விதம்



தலைமன்னார் இறங்குதுறை நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கடல்தான். கொழும்பிலிருந்து எஞ்சின் இழுத்து வந்த வண்டி திரும்பிப் போக வேண்டுமானால், முன்னால் நிற்கும் எஞ்சினைக் கழற்ற வேண்டும். அதைப் பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்குக் கொண்டு போக வேண்டும். அதுவரை கடைசியாக இருந்த பெட்டிக்கு முன்னால் அதைத் திரும்பவும் பூட்ட வேண்டும். மேடையில் பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நமது தாய்மார்கள் இதைக் கண்டிருப்பார்கள். "டொம்" என்று ஒரு சத்தம் கேட்கும். பெட்டி ஒரு தடவை குலுங்கும். உடனே பிள்ளை, "உம்மா, என்ன அது?" என்று கேட்கும். "எஞ்சின் கொளுவுறாங்க, சும்மா இரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் என்னதான் நடக்கிறது? தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. அதில் நம் பிள்ளைகளின் உயிரும் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மாட்டை வண்டியில் கட்டுவதை நாம் "பூட்டுவது" என்கிறோம். எஞ்சினைப் பெட்டியோடு சேர்ப்பதற்கும் அந்தச் சொல்லே பொருந்தி வருகிறது. அரபு மொழியிலும் இப்படி ஓர் அழகு உண்டு. மத்ரஸாவில் மாணவர்களுக்குப் புகையிரதத்தின் அரபுச் சொல் "கிதார்" என்று சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் அதன் பழைய பொருளையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். புகையிரதம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபிகளிடம் அந்தச் சொல் இருந்தது. ஓர் ஒட்டகத்தின் கயிற்றை அதற்கு முன்னால் போகும் ஒட்டகத்தோடு கட்டி, ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டிச் செல்லும் வரிசைக்குப் பெயர் கிதார். சொட்டுச் சொட்டாக விழும் நீர்த்துளிக்குரிய "கத்ரா" என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். இழுத்துச் செல்லும் எஞ்சினுக்கு இன்று "காதிரா" என்கிறார்கள். பாலைவனத்தில் ஒட்டகங்களைக் கோர்த்துப் பழகியவர்களுக்கு இரும்பு வண்டிக்குப் புதுப்பெயர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை!

கொளுக்கியும் மரையும்

இலங்கையில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது கொளுக்கியும் மரையும் கொண்ட இணைப்பு. பெட்டியின் இரு முனைகளிலும் நடுவில் ஒரு பெரிய இரும்புக் கொளுக்கி இருக்கும். அதன் இரு பக்கமும் வட்டமான தட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்குப் பபர் என்று பெயர். உள்ளே வில் உண்டு. இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று நெருக்கும்போது அந்த அடியைப் பபர்கள் வாங்கிக்கொள்ளும்.

எஞ்சின் மெல்ல ஊர்ந்து வந்து, பெட்டிக்குச் சற்று முன்னால் ஒரு தடவை நிற்கும். கீழே நிற்கும் ஊழியர் கையாலோ கொடியாலோ சைகை காட்டுவார். இரவானால் கைவிளக்கு. பிறகு எஞ்சின் மனிதன் நடக்கும் வேகத்தை விடவும் மெதுவாக நகர்ந்து, பபரோடு பபர் முட்டி நிற்கும். எஞ்சின் அசையாமல் நின்று, சாரதி பிரேக்கைப் பிடித்துவிட்டார் என்பது உறுதியான பிறகுதான் ஊழியர் குனிந்து இரண்டுக்கும் நடுவே நுழைவார். அதற்கு முன் நுழையக் கூடாது. இரண்டு பபர்களுக்கு இடையில் அகப்பட்ட மனிதனை எந்த வைத்தியராலும் காப்பாற்றுவது அரிது.

உள்ளே போனவர் ஒரு பக்கத்து இரும்பு வளையத்தைத் தூக்கி மறுபக்கத்துக் கொளுக்கியில் மாட்டுவார். அது சாதாரண வளையமன்று. கையில் எடுத்தால் இடுப்பு நோகும் பாரம். அதன் நடுவில் ஒரு திருகாணி இருக்கும். அதன் ஒரு பாதியில் மரை வலப்பக்கமாகவும் மறுபாதியில் இடப்பக்கமாகவும் வெட்டப்பட்டிருக்கும். ஆகையால் நடுத்தண்டைச் சுற்றச் சுற்ற இரண்டு முனைகளும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். பிரயாணிகள் வண்டியில் இதைப் பபர்கள் நன்றாக நெருங்கும்வரை இறுக்குவார்கள். அப்படி இறுக்காவிட்டால் புறப்படும் ஒவ்வொரு தடவையும் நம் தலை முன்பலகையில் இடிக்கும்.

சரக்கு வண்டியின் கதை வேறு. பழைய சரக்குப் பெட்டிகளில் மூன்று வளையங்கள் கொண்ட தளர்ந்த சங்கிலிதான் இருந்தது. அந்தத் தளர்ச்சியில் ஒரு நன்மையும் உண்டு. பாரமேற்றிய முப்பது நாற்பது பெட்டிகளை ஒரே இழுப்பில் அசைப்பது எஞ்சினுக்குக் கஷ்டம். சங்கிலி தளர்ந்திருந்தால் முதற்பெட்டி அசைந்த பின் இரண்டாவது, அதன்பின் மூன்றாவது என்று பாரம் ஒவ்வொன்றாக எஞ்சினிடம் வந்து சேரும். "கட கட கட" என்று முன்னாலிருந்து பின்னால் ஓடும் அந்தச் சத்தம் இதனால் எழுவதுதான். அந்த அசைவு கடைசிப் பெட்டியை அடையும்போது திடீரென்று ஓர் உதறலாக இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வேறு வழி கண்டார்கள். அங்கே முற்காலத்தில் ஒரு வளையத்தையும் ஆணியையும் கையால் பிடித்துச் செருக வேண்டும். விரல் இழந்த தொழிலாளர்களுக்கும் உயிரிழந்தவர்களுக்கும் குறைவில்லை. 1873-இல் ஈலி ஜானி என்பவர் தானாகவே பூட்டிக்கொள்ளும் ஓர் இணைப்புக்கு உரிமை பெற்றார். அது எப்படி என்று அறிய ஓர் இயந்திரமும் தேவையில்லை. உங்கள் இரு கைகளின் விரல்களையும் கொளுக்கி போல மடக்கி ஒன்றோடொன்று கோர்த்து இழுத்துப் பாருங்கள். அதுதான்! இரண்டு பெட்டிகள் முட்டியதும் இரும்பு விரல்கள் தாமே மடங்கிப் பூட்டிக்கொள்ளும். மனிதன் நடுவில் நுழைய வேண்டியதில்லை. 1893-இல் அந்நாட்டுச் சட்டம் இத்தகைய இணைப்பைக் கட்டாயமாக்கியது. இன்று இந்தியாவின் சரக்குப் பெட்டிகளிலும் இதன் வழிவந்த இணைப்பே இருக்கிறது.

குழாய்

இணைப்பை மாட்டியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். எஞ்சினிலிருந்து தொங்கும் தடித்த இறப்பர்க் குழாயைப் பெட்டியின் குழாயோடு சேர்க்க வேண்டும். உண்மையில் உயிரைக் காப்பது இந்தக் குழாய்தான். இரும்புக் கொளுக்கி வண்டியை இழுக்கும், நிறுத்துவது குழாய்.

வெற்றிட பிரேக் என்பது இப்படி: எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே குழாய் ஓடுகிறது. எஞ்சினில் உள்ள பம்ப் அதிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கிறது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்று ஏறக்குறைய 30 அங்குலப் பாதரசத்தைத் தாங்கும் பலமுடையது. அதில் சுமார் 20 அங்குலம் அளவுக்கு உறிஞ்சினால் ஒவ்வொரு பெட்டியின் கீழும் உள்ள பிரேக் விடுபடும், சக்கரம் சுழலும். சாரதி காற்றை உள்ளே விட்டால், உறிஞ்சு குழாயிலிருந்து வாயை எடுத்ததும் ஷர்பத் கீழே இறங்குவது போல, வெளிக்காற்று பாய்ந்து வந்து, பிரேக் கட்டைகளைச் சக்கரத்தில் அழுத்தும்.

ஓடும்போது இணைப்பு அறுந்து வண்டி இரண்டாகிவிட்டால்? குழாயும் பிரியும். காற்று தானே உள்ளே நுழையும். இரண்டு துண்டுகளும் தாமாகவே நின்றுவிடும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. காற்றழுத்த பிரேக்கிலும் முறை தலைகீழ் என்றாலும் தத்துவம் இதுதான்: அங்கே குழாயில் சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோ அளவில் காற்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கும், அது வெளியேறினால் பிரேக் பிடிக்கும்.

இந்தப் பாடத்தை உலகம் இலேசாகக் கற்கவில்லை, சகோதரிகளே. 1889 ஜூன் 12-இல் அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து பிள்ளைகளும் பெற்றோருமாக நிரம்பிய உல்லாசப் பயண வண்டியொன்று கடற்கரைக்குப் புறப்பட்டது. மேட்டில் ஏற முடியாமல் எஞ்சின் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை முன்னே கொண்டு போவோம் என்று முடிவு செய்தார்கள். அந்த வண்டியின் பிரேக் தானே பிடிக்கும் வகையைச் சேர்ந்ததன்று; குழாயைக் கழற்றினால் பின்பாதியின் பிரேக் விடுபட்டுவிடும். கைப்பிரேக்கையும் சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கற்களையும் நம்பிக் கழற்றினார்கள். முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னுக்கு நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்த இன்னொரு வண்டியில் மோதின. இறந்தவர்கள் ஏறக்குறைய 80 பேர். அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். அதே ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம், பிரயாணிகள் வண்டிகளில் தானே பிடிக்கும் தொடர் பிரேக் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமியற்றியது. அன்று போன பிள்ளைகளின் விலையில் வந்தது இன்றைய பாதுகாப்பு.

அப்படியானால் குழாய் இருக்கும்போது கைப்பிரேக் எதற்கு? எஞ்சின் நின்று பம்ப் ஓய்ந்துவிட்டால், பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும் அழுத்தம் மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து போகும். 2013 ஜூலை 6-இல் கனடாவின் லக் மெகான்டிக் ஊரில் நடந்தது அதுதான். எண்ணெய் ஏற்றிய 72 தாங்கிப் பெட்டிகளோடு டீசல் எஞ்சின்கள் பூட்டிய சரக்கு வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டுச் சாரதி உறங்கப் போனார். ஏழே வாகனங்களில்தான் கைப்பிரேக் பூட்டப்பட்டிருந்தது. எஞ்சினில் சிறு தீ. அதை அணைக்க வந்தவர்கள் எஞ்சினையும் நிறுத்தினார்கள். காற்று கசிந்தது. நள்ளிரவுக்குப் பின் ஆளில்லாத வண்டி ஊருக்குள் பாய்ந்து 47 பேரைக் கொன்றது.

எனவே ஒழுங்குமுறை மிகக் கண்டிப்பானது. பூட்டும்போது முதலில் கொளுக்கி, பிறகு குழாய், பிறகு கடைசிப் பெட்டியில் கார்ட் பார்க்கும் மானியில் வெற்றிடம் வந்ததா என்ற சோதனை, கடைசியாகத்தான் கைப்பிரேக்கை விடுவது. கழற்றும்போது எல்லாம் தலைகீழ், கைப்பிரேக்தான் முதலில். கார்ட் வண்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரே ஒரு குழாய்மூடி திருப்பப்படாமல் இருந்தால்கூட, அதற்குப் பின்னாலுள்ள பெட்டிகள் பிரேக் இல்லாத பெட்டிகள்தான். அதனால்தான் வண்டி புறப்படச் சுணங்கும் சமயங்களில் எனக்குக் கோபம் வருவதில்லை.

மன்னார்ப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெதவாச்சி சந்தியில் பிரிந்து, செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் வழியாகத் தீவுக்குள் வரும் இப்பாதை 1914-இல் திறக்கப்பட்டது. தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறினால் தனுஷ்கோடியில் மறுபடியும் ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கே சென்றுகொண்டிருந்த ஒரு ரயில் எஞ்சினோடும் பெட்டிகளோடும் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984-இல் நின்றது. 1954 முதல் கனடாவிலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த டீசல் எஞ்சின்கள் நீராவி எஞ்சின்களின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. அவற்றுக்கு ஒன்ராறியோ, மனிற்ரோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள். டீசல் எஞ்சின் தன் பலத்தால் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. மின்சாரம் பிறப்பித்து, அந்த மின்சாரம் அச்சிலுள்ள மோட்டர்களைச் சுற்றுகிறது. கரி போய் டீசல் வந்தது. கொளுக்கி மட்டும் மாறவில்லை!

1990-இல் போர் மீண்டும் மூண்டபோது பாதையும் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாண முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற தீவுக் கிராமங்களின் மக்கள் தோணிகளில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். புத்தளம் பகுதி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் என்றால், அருவக்காலுவிலிருந்து பாலாவி சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிதான். பெற்றோர் சொன்ன தலைமன்னார் ரயிலை அவர்கள் கண்டதில்லை. இந்தியாவின் கடனுதவியோடு இர்க்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தது. 2013 மே மாதம் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14-இல் தலைமன்னார் வரையும் வண்டி ஓடியது. கால் நூற்றாண்டு இடைவெளி! ஊர் திரும்பிய குடும்பங்களில், முதிர்ந்த உம்மாக்கள் பழக்கப்பட்டவர்கள். இளம் தாய்மாரும் பிள்ளைகளும் தண்டவாளத்துக்குப் புதியவர்கள்.

நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததன் காரணமும் இதுவே. நின்றுகொண்டிருக்கும் பெட்டிகளுக்கிடையே பிள்ளைகள் நுழைந்து மறுபக்கம் போவதைப் பல நிலையங்களில் காணலாம். பெரியவர்களும் "நிக்கிற வண்டிதானே" என்று விட்டுவிடுகிறார்கள். எஞ்சினே இல்லாத பெட்டி வரிசைதான் மிக ஆபத்தானது. ஏனென்றால் எஞ்சின் வரப்போவது மறுமுனையில். அங்கே கொளுவும்போது எழும் உதறல் நான் முன்பு சொன்னபடி ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து பிள்ளை நிற்கும் இடத்துக்கு வரும். சாரதிக்குப் பிள்ளை தெரியாது. பிள்ளைக்குச் சாரதி தெரியாது. எஞ்சின் பூட்டும் வேளையில் பெட்டிப் படியில் ஒரு கால், மேடையில் ஒரு கால் என்று கைக்குழந்தையோடு நிற்பதும் வேண்டாம். ஒன்றில் உள்ளே அமருங்கள், அல்லது கீழேயே நில்லுங்கள்.

கடவை விஷயமும் அப்படியே. 2021 மார்ச் மாதத்தில் தலைமன்னாரில் பஸ் ஒன்று ரயிலில் மோதுண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். சாரதி பிரேக்கைப் பிடித்த நொடியில் வண்டி நிற்பதில்லை. காற்று குழாய் வழியாகக் கடைசிப் பெட்டி வரை பாய்ந்து சேர வேண்டும், கட்டைகள் அழுந்த வேண்டும், நூற்றுக்கணக்கான தொன் பாரம் அடங்க வேண்டும். அதற்குள் பல நூறு மீற்றர் கடந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இதை ஒரு தடவை உறிஞ்சு குழாயும் தம்ளரும் வைத்து விளக்கிக் காட்டுங்கள். "தண்டவாளத்துப் பக்கம் போகாதே" என்று நூறு தடவை சொல்வதை விட நன்றாக மனதில் பதியும். எஞ்சின் தனியாக முன்னும் பின்னும் போய்வரும் ஷண்டிங் வேளைக்கு நேர அட்டவணை கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.