தமிழ் உரையுள் கணிதக் குறிகளின் அளவு

தமிழாய்வேடுகளிற் கணிதக் குறிகள் இடம்பெறுதல் இன்று அரிதன்று. சொற்களின் நிகழ்வெண்ணை ஆராய்வார் ஜிப்ஃப் என்பார் வகுத்த விதியை எடுத்தாள்வர். கணக்கதிகாரம் முதலிய பழங்கணக்கு நூல்களை ஆராய்வார் கீழ்வாயிலக்கக் குறிகளை அச்சிடுவர். இக்குறிகள் தம்மைச் சூழ்ந்த உரையோடு எவ்வளவினால் ஒத்து நிற்றல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இஃது அழகு பற்றியதொரு சிறு செய்தி என்று யானும் ஒருகால் எண்ணியிருந்தேன். என் கட்டுரையொன்றின் அச்சுப்படியைப் படித்த நண்பர், “இரண்டாம் அடிக்குறிப்பு எங்கே?” என வினவினார். அங்கு அடிக்குறிப்பே இல்லை. இருபடியைக் காட்ட நிகழ்வெண்ணின் தலைமேல் யான் இட்ட 2, அடிக்குறிப்பெண்ணின் அளவும் உயரமும் பெற்று நின்றது. பிழை என்னுடையதே. அளவு பிழைத்தவிடத்துப் பொருளும் பிழைக்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

எழுத்தளவுச் சிக்கல் தமிழ் அச்சிற்குப் புதிதன்று. 1713இல் செருமனியின் ஹல்லே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவிற் பெரியனவாய்த் தாளை மிகுதியும் விழுங்கின. ஆதலின் சீகன்பால்கு முதலியோர் அவற்றினுஞ் சிறிய எழுத்துகளை இந்நாட்டிலேயே வார்ப்பித்துக்கொண்டனர். அன்று ஈயத்தை உருக்கி வார்த்துத் தீர்த்த குறையை இன்று ஓரெண்ணைத் தட்டித் தீர்க்கலாம். அவ்வெண் யாது என்று அறிதலே அரிது.

முதற்கண் ஓர் ஐயம் நீங்குதல் வேண்டும். இரண்டு எழுத்துருக்களையும் 10 பாயிண்ட் என்று குறித்தபின் அவை ஏன் ஒத்து நில்லா? யான் வாழும் குன்னத்தூர்ப் பகுதியில் இதற்கு விடை எளிது. 85 என்று முத்திரையிட்ட பனியன்கள் யாவும் ஓருடம்பிற்கு ஒன்றுபோற் பொருந்துவதில்லை. தைத்த இடத்திற்கேற்ப அகலமும் நீளமும் மாறும். பாயிண்ட் என்பதும் அத்தகையதே. அது ஈய அச்சின் உடலைக் குறித்த அளவேயன்றி, அதன் முகத்திலுள்ள எழுத்தைக் குறித்ததன்று. 10 பாயிண்ட் என்பது ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர். அவ்வுடலுள் எழுத்தை எத்துணைப் பெரிதாக வரைவது என்பது எழுத்துருவாக்குவார் விருப்பம். தமிழிலோ இகர ஈகாரங்களின் வளைவு மேலேயும், உகர ஊகாரங்களின் சுழி கீழேயும் இடம் வேண்டும். எனவே ககரம் போன்ற எழுத்தின் நடுவுடல் அவ்விரண்டிற்கும் இடையே அடங்குகின்றது.

டொனால்ட் நூத் என்னும் கணினி அறிஞர் தம் நூலின் அச்சுப்படி செம்மையாக அமையாமை கண்டு, 1977இல் தொடங்கி உருவாக்கிய அச்சுக்கோப்பு முறை டெக் என்பது. அதன்வழி வந்ததே நம் மாணவர் சிலர் கையாளும் லாடெக். நூத் வரைந்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில், உடலை 1000 கூறாக்கினால், உரோமன் சிற்றெழுத்தாகிய எக்ஸ் ஏறத்தாழ 430 கூறும், பேரெழுத்து 683 கூறும் உயர்ந்து நிற்கும். நாம் எடுத்த தமிழெழுத்துருவில் ககரம் 520 கூறு உயரம் எனக் கொள்வோம். உரோமனுக்கு இரண்டு உயரங்கள். தமிழ் நடுவுடலுக்கு ஒன்றே. சிக்கலின் வேர் இங்குள்ளது.

சிற்றெழுத்தைக் ககரத்தோடு ஒப்பிக்கக் கணித எழுத்துருவை 1.21 மடங்காக்கினால், பேரெழுத்து 826 கூறாய் உரையை மீறி எழும். பேரெழுத்தைக் ககரத்தோடு ஒப்பிக்க 0.76 மடங்காக்கினால், சிற்றெழுத்து 327 கூறாய்க் குன்றும். இரண்டும் கொள்ளத்தக்கன அல்ல. 430, 683 என்பவற்றின் நடுவெண் ஏறத்தாழ 556. 520ஐ அதனால் வகுப்பின் 0.93 கிடைக்கும். அம்மடங்கில் சிற்றெழுத்து 400 கூறும் பேரெழுத்து 635 கூறுமாய், ஒன்று சற்றுத் தாழ்ந்தும் மற்றொன்று சற்று உயர்ந்தும் ககரத்தைச் சார்ந்து நிற்கும். இதுவே பொதுநிலையிற் கொள்ளத்தக்கது என்பது என் கருத்து. கட்டுரையிற் சிற்றெழுத்துக் குறிகளே மிகுமாயின் மடங்கைச் சிறிது கூட்டுக.

லாடெக்கின் ஃபான்ட்ஸ்பெக் தொகுதியில் ‘ஸ்கேல்’ என்னுங் கட்டளைக்கு இம்மடங்கை எண்ணாகவே கொடுக்கலாம். சிற்றெழுத்து உயரத்தைத் தானே ஒப்பிடும் வழியும் அதன்கண் உண்டு. ஆயின் அது தமிழெழுத்தை அளப்பதில்லை. எழுத்துருவுள் உரோமன் சிற்றெழுத்திற்கெனக் குறித்த உயரத்தையே நோக்கும். ஆதலின் ககரத்தை நாமே அளந்து எண்ணிடுதல் நன்று.

மேற்குறி, கீழ்க்குறி பற்றியும் ஒன்று கூறவேண்டும். டெக் 10 பாயிண்ட் உரைக்கு 7 பாயிண்ட் குறியும், அக்குறியின் மேற்குறிக்கு 5 பாயிண்டும் வகுத்துள்ளது. நூத் 5 பாயிண்ட் எழுத்தை வெறுமனே சுருக்காது, அகலமும் தடிப்பும் சேர்த்துத் தனியே வரைந்தார். தமிழெழுத்துருக்களிற் பெரும்பாலானவற்றிற்கு அத்தகைய தனி வடிவம் இல்லை. ணகரம், ழகரம் ஆகியவற்றின் சுழிகள் 5 பாயிண்டில் அடைபடும். எனவே தமிழ்ச்சொல்லைக் கீழ்க்குறியாக இடுவார் முதற்படியோடு நிற்க. என் பிழைபோல் நேராமைக்கு, இருபடியைக் கணிதக் கட்டளையாலன்றி உரையின் மேற்குறிக் கட்டளையால் இடாதிருக்க.

இறுதியாகக் கீழ்வாயிலக்கம். யூனிகோடின் 12.0 பதிப்பு 2019இல் தமிழ்ப் பின்னங்கள் முதலிய 51 குறிகளுக்கு இடம் தந்தது. பல தமிழெழுத்துருக்களில் இவை இல்லாமையால் வேறோர் எழுத்துருவினின்று கடன் பெறுகிறோம். இங்கே இருதிறத்தும் தமிழெழுத்தே ஆதலின் நடுவெண் வேண்டா. நடுவுடல் இரண்டும் சரியாக ஒத்தல் வேண்டும். காலைக் குறிக்குங் குறி வகரத்தை ஒத்தது. ஒன்றைக் குறிப்பது ககரத்தை ஒத்தது. இவற்றை எழுத்தினின்று பிரித்துக் காட்டச் சிலர் குறியைப் பெரிதாக்குவர். அது தகாது. பெரிதாகிய குறியைப் படிப்போர் வேறு குறியென மயங்குவர். வேறுபாட்டை இடைவெளியாற் காட்டுக, அளவாற் காட்டற்க. ஏட்டில் எழுதினோர் எழுத்தையும் இலக்கத்தையும் ஒரே எழுத்தாணியால் ஒரே கையளவில் எழுதினர். அச்சிலும் அவ்வொருமை நிலைத்தால், மூலத்தின் கணக்கைப் பின்வருவோர் பிழையின்றிப் படிப்பர்.