உயிர்ப்பு நம்பிக்கையும் அதன் மகிழ்ச்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

இறந்தோர் உயிர்த்தெழுவர் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கை, இவ்வுலகத் துன்பத்துக்கு மறுவுலக இன்பத்தை ஈடாகக் காட்டி மக்களை அடங்கியிருக்கச் செய்வது என்னும் கருத்து முற்போக்காளரிடையே பரவலாக உண்டு. இதனை முற்றாக மறுத்தல் இயலாது. அடிமைகளுக்குப் பொறுமையைப் போதித்த மறையுரைகள் வரலாற்றிற் பலவுள. எனினும் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்சே, 1844இல் வெளியான அதே கட்டுரையில், அதனை மெய்யான துன்பத்துக்கெதிரான எதிர்ப்பாகவும் கண்டார் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். உயிர்ப்பு நம்பிக்கையின் தோற்றத்தை நோக்குமிடத்து இவ்விரண்டாவது கூறே முதன்மை பெறுகின்றது.

பழைய எபிரேய நூல்களிற் பெரும்பாலானவை, இறந்தோர் யாவரும் சென்றடையும் இருண்ட கீழுலகமொன்றையே பேசுகின்றன. நல்லோன், தீயோன் என்ற வேறுபாடு அங்கில்லை. இறைவன் தரும் பேறு நீண்ட ஆயுளாகவும் மக்கட்பேறாகவும் இம்மையிலேயே கிட்டும் எனக் கருதப்பட்டது. கி.மு. 167 அளவில் நான்காம் அந்தியோக்கு மன்னன் யூதரின் சமய ஒழுக்கங்களைத் தடைசெய்தபோது இவ்வெண்ணம் தகர்ந்தது. நெறி பிறழ்ந்தோர் வாழ்ந்தனர். நெறி நின்றோர் கொல்லப்பட்டனர். இக்காலத்தெழுந்த தானியேல் நூலிலேதான் இறந்தோர் எழுவர் என்னும் கூற்றுத் தெளிவாக ஒலிக்கின்றது. தாயொருத்தியும் அவள் புதல்வர் எழுவரும் வதைக்கப்பட்டு மாண்டதைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூல் அதனை மேலும் வலியுறுத்தும். (பாரசீகச் சமயச் செல்வாக்கும் இதிலுண்டென்பர், அது தனியே ஆராயத்தக்கது.) அநியாயமாகக் கொல்லப்பட்டோருக்கு நீதி எங்கே என்ற வினாவே இந்நம்பிக்கைக்குக் கூர்மையளித்தது எனலாம். பின்னாளில், ஆலயத்தையும் அதன் செல்வத்தையும் ஆண்ட சதுசேயர் உயிர்ப்பை மறுத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. நிகழ்கால ஒழுங்கிலே நிறைவு கண்டோருக்கு அது தேவைப்படவில்லை.

இப்பின்னணியிலேயே இயேசுவின் உயிர்ப்புப் பற்றிய செய்தியை நாம் நோக்குதல் வேண்டும். சிலுவை, அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரோமர் விதித்த தண்டனை. ஸ்பார்ட்டக்கசின் எழுச்சி முறியடிக்கப்பட்ட பின்னர், கி.மு. 71இல், ஏறத்தாழ 6,000 பேர் அப்பியன் பெருவழியில் அறையப்பட்டனர். அவ்வாறு கொல்லப்பட்ட ஒருவரை இறைவன் எழுப்பினார் என்பது, பேரரசின் தீர்ப்பு பிழையென்று கூறுவதாகும். கி.பி. 54 அளவில் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், தமக்கு முன்பே வழங்கிய சாட்சிப் பட்டியலொன்றைத் தருகின்றார். நான்கு நற்செய்திகளிலும் கல்லறைக்கு முதலிற் சென்ற பெண்கள் அப்பட்டியலிற் குறிப்பிடப்படவில்லை. பெண்களின் சாட்சியம் அன்று பெரிதும் மதிக்கப்படாமையே இதற்குக் காரணம் என்பது பொருத்தமாகத் தோன்றுகின்றது.

மகிழ்ச்சிக்கு வருவோம். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய ஏடுகளான, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய் ஏட்டிலும் வத்திக்கான் ஏட்டிலும் அந்நூல் மகிழ்ச்சியோடு முடியவில்லை; பெண்கள் அஞ்சி ஓடி எவருக்கும் எதுவுங் கூறாதிருந்ததோடு முடிகின்றது. லூக்கா காட்டும் சீடரோ மகிழ்ச்சி மிகுதியினாலேயே நம்ப இயலாது நிற்கின்றனர். யோவான் நற்செய்தியில், பூட்டிய கதவுகளுக்குள் அஞ்சியிருந்தோருக்கு உயிர்த்தவர் தம் கைகளையும் விலாவையும் காட்டுகின்றார். அதன் பின்னரே அவர்கள் மகிழ்கின்றனர். உயிர்ப்பு காயங்களை மறைத்துவிடவில்லை. அக்காயங்களைக் கொண்டே அவர் இன்னாரென அறியப்படுகின்றார். துன்பத்தை மறந்ததால் வரும் களிப்பிலிருந்து இம்மகிழ்ச்சி வேறுபடுவது இவ்விடத்திலேயே. பாஸ்காத் திருவிழிப்பில் ஏற்றப்படும் பெருந்திரியிலும், ஐந்து காயங்களைக் குறிக்க, ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படுவதுண்டு. இருளில் மக்கள் தத்தம் திரிகளுக்கு ஒளி பெறுவது காயம் பொறித்த அத்திரியிலிருந்தேயாகும்.

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்க மரபிலோ புலம்பலே மேலோங்கியது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த வேளையில், 1705இல் இலங்கை வந்த கோவாக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் ஒப்பாரிச் சாயலில் ஓதப்பட்டு மக்கள் நெஞ்சில் நிலைத்தது. உயிர்ப்பின் மகிழ்வைப் பாடி அதற்கு நிகராக வேரூன்றிய ஆக்கமொன்று எழவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது. இதனைக் குறையென நாம் கொள்ளோம். மறைந்து வழிபட்ட மக்கள், தம் நிலைக்கு நெருங்கிய பகுதியையே முதலிற் பற்றிக்கொண்டனர்.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் இறந்தோருட் கணிசமானோர் சிறுவர். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த கிறிஸ்துவின் சுருபத்தின் மீது இரத்தம் தெறித்தது. ஆலயம் திருத்தப்பட்ட பின்னரும் அச்சுருபம் கழுவப்படவில்லை. கறையுடனேயே கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டது. 2023 சனவரியில், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதியும் அதிகாரிகளும் இழப்பீடு செலுத்தவேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இழந்தோர் இழப்பீட்டோடு அமைதி கொள்ளவில்லை. தாக்குதலின் பின்னணியில் நின்றோர் யாவர் என்ற வினாவை, ஆண்டு நினைவு நாள்களில், உயிர்த்தவரைப் போற்றும் அதே ஆலயங்களில் நின்றே அவர்கள் எழுப்பி வந்துள்ளனர்.