வினாவும் பொறியும்: சவ்வாது மலை ஆய்வை முன்வைத்துச் சில கருத்துகள்

1. முன்னுரை

வினாவுக்குத் தமிழ் இலக்கணம் தனியிடம் தந்துள்ளது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே வினாவும் அதற்குரிய செப்பும் பிழைபடாது அமைதல் வேண்டும் என்பதனை விதியாக வகுத்தார். பவணந்தியார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துக் காட்டினார். இப்பகுப்புகள் மக்கள் ஒருவரோடொருவர் உரையாடும் முறையை நோக்கி எழுந்தவை. இன்றோ மாந்தரல்லாத பொறியினிடத்தும் ஆய்வாளர் வினாத் தொடுக்கும் நிலை தோன்றியுள்ளது. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்களின் கைக்கு வந்தது முதலாக, செயற்கை நுண்ணறிவு உரையாடிகளின் துணையை நாடும் பழக்கம் ஆய்வு மாணவரிடையேயும் பெருகி வருகின்றது. அவற்றிற்கு நாம் எழுதித் தரும் உரையைப் 'பிராம்ட்' என்பர். இக்கட்டுரையில் அதனை வினா என்றே குறிப்போம்.

அவ்வினா எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. பொதுவாகக் கூறுதலினும் ஓரிடத்தைப் பற்றி நின்று கூறுதல் தெளிவு தரும். ஆதலின், பெயர் மயக்கமும் சான்றுக் குறைவும் ஒருங்கே உடைய சவ்வாது மலை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது.

2. பொறியின் இயல்பு

இவ்வுரையாடிகளுக்கு அடிப்படையாக உள்ள அமைப்பு 2017-ஆம் ஆண்டு கூகுள் நிறுவன ஆய்வாளர் வெளியிட்ட 'டிரான்ஸ்பார்மர்' என்பதாகும். மிகப் பெருந்தொகையான எழுத்துரைகளைக் கொண்டு பயிற்றப்பட்ட பொறி, முன்னுள்ள சொற்களை நோக்கி, அடுத்து வரத்தக்க சொற்கூறு யாது என மதிப்பிட்டு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லும். இதுவே அதன் தொழில். இணையத்தில் தேடிப் பார்த்து உரைக்கும் வசதி இன்று பலவற்றிற்கு உண்டெனினும், தேடிக் கண்டதனைத் தொடராக்கும் முறை இதுவேயாம்.

இவ்வியல்பினின்றும் மூன்று உண்மைகள் பெறப்படும். மிகுதியாக எழுதப்பட்ட பொருள், அருகி எழுதப்பட்ட பொருளை மறைக்கும் என்பது ஒன்று. நடையின் ஒழுக்கு உண்மைக்குச் சான்றாகாது என்பது மற்றொன்று. வினாவினுள் நாம் வைக்கும் சொற்கள் விடையின் போக்கை மிகுதியும் உருவாக்கும் என்பது மூன்றாவது.

இவற்றுள் இரண்டாவதற்கு நீதிமன்றமே சான்று பகர்கின்றது. 2023-ஆம் ஆண்டு நியூயார்க்கில் வழக்குரைஞர் சிலர், உரையாடி புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டி மனுவிட்டனர். நீதிமன்றம் அதனைக் கண்டறிந்து 5,000 டாலர் தண்டம் விதித்தது. வழக்கின் பெயர், ஆண்டு, தொகுதி எண் ஆகிய யாவும் மெய்போன்றே தோன்றும் வண்ணம் பொறி அவற்றைப் படைத்திருந்தது. இல்லாத கல்வெட்டெண்ணையும் இல்லாத பதிப்பையும் அது நமக்கும் அவ்வாறே படைத்துத் தரவல்லது.

3. பெயரும் காலமும்

முதலாவது உண்மைக்குச் சவ்வாது மலை மக்களின் பெயரே தக்க சான்று. இங்கு வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுவர். ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் இப்பெயருடையோர் உளர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரள நாட்டிற்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிப் பகுதியினின்றும் மலையேறினர் என்னும் மரபு இவர்களிடையே வழங்குவதனை, 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளும் குறிக்கின்றன.

'மலையாளிகளின் திருமண முறையை விளக்குக' என்று மட்டும் வினவின் நேர்வது யாது? கேரள மக்களைப் பற்றிய எழுத்துகள் கடல் போன்றன. மலைவாழ் மலையாளியரைப் பற்றியனவோ சிற்றூற்று. பொறி பெருகியுள்ள பக்கமே சாயும். அவ்விடை ஓர் ஆய்வேட்டில் இடம்பெற்று, பின் அவ்வேடே மேற்கோளாக ஆளப்படின், ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறே திரிந்துவிடும். எழுதியோர் சிலராயிருக்கும் மக்களுக்கு நேரும் இத்திரிபு எளிதில் நீங்குவதன்று.

காலக் குறிப்பும் இன்றியமையாதது. வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூர் எம்மாவட்டத்தது எனின், வட ஆற்காடு, வேலூர், திருப்பத்தூர் என மூன்று விடைகள் கிடைக்கக்கூடும். மூன்றும் தத்தம் காலத்தில் உண்மையே. வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாயிற்று. ஆண்டு சுட்டாத வினாவுக்கு வரும் விடை எக்காலத்தது என அறிய இயலாது. 'சவ்வாது' என்னும் சொல்லே நறுமணப் பொருளையும் குறிக்கும். மலையின் பெயர் ஜவ்வாது, ஜவ்வாது மலை, ஜவாதி எனப் பலவாறு எழுதப்படுதலின், அவ்வடிவங்களையும் வினாவில் தருதல் நலம்.

4. நன்னூலார் பகுப்பும் பொறிவினாவும்

அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன பவணந்தியார் கூறும் ஆறு. இவற்றுட் சில பொறியோடு உரையாடுவார்க்கும் வழிகாட்டுவன.

அறிவினா, விடை தெரிந்தவன் பிறனது அறிவை அளந்தறிய வினாவுவது. ஒரு பொருளில் பொறியை நம்புமுன் அதனை இவ்வினாவால் சோதித்தல் வேண்டும். மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவன் யார், அடிகள் எத்தனை என வினவின், நன்னன் என்றும் 583 என்றும் விடை வருதல் வேண்டும். இதில் தடுமாறும் பொறி நவிரமலையைப் பற்றிக் கூறுவதனை ஏற்பது எங்ஙனம்? எனினும், இதில் தேறியதனாலேயே பிறவற்றிலும் தேறும் எனத் துணிதல் ஆகாது.

ஐயவினா, இதுவோ அதுவோ என்பது. நவிரமலை இன்றைய பருவதமலையோ, வேறொன்றோ என்பது போல வினவுதல் விடையின் எல்லையைச் சுருக்கும். ஆயின், இரண்டே வழி காட்டின் இரண்டும் பொருந்தாவிடத்தும் பொறி ஒன்றனைத் தெரிந்து கூறிவிடும். ஆதலின், 'இரண்டும் அன்றாயினும் சான்று போதாதாயினும் அதனையே கூறுக' என்னும் மூன்றாம் வழியையும் திறந்து வைத்தல் வேண்டும்.

கொடைவினா, கொடுத்தற்பொருட்டு வினாவுவது. ஆய்வாளன் பொறிக்குக் கொடுக்கத் தக்கது மூலபாடம். செங்கம் வட்டாரத்து நடுகல் ஒன்றன் வாசகத்தைப் பொறியின் நினைவினின்று கேட்டல் தவறு. பதிப்பித்த வாசகத்தை நாமே முன்வைத்து, அதனை அடிப்படையாகக் கொண்டு வினவுதல் முறை. மேற்கூறிய மூன்றாவது உண்மை இங்கே நமக்குத் துணையாகின்றது. நாம் வேண்டும் வடிவத்திற்கு ஓரிரு எடுத்துக்காட்டுகளையும் உடன் தரின் விடை அவ்வடிவிலேயே அமையும்.

விடை வகையுள் இனமொழி நோக்கற்பாலது. 'ஆடுவாயா' என்றார்க்குப் 'பாடுவேன்' என்பது போல, வினவிய பொருளை விடுத்து அதற்கு இனமாகிய பொருளைக் கூறுவது அது. சவ்வாது மலைப் பாடலைக் கேட்டார்க்குக் கொல்லிமலைப் பாடலைத் தருவதும் இத்தன்மைத்தே. மாந்தர் கூறும் இனமொழியைக் கேட்போர் உடனே உணர்வர். பொறி கூறுவது நேர்விடை போலவே தோன்றுதலின் உணர்தல் அரிது. எனவே, இனப்பொருளைக் கலத்தலாகாது என வினாவிலேயே விலக்குதல் வேண்டும்.

5. ஓர் அமைப்பு

மேற்கூறியவற்றைத் தொகுத்து, முன்னர்க் கண்ட வினாவைப் பின்வருமாறு திருத்தலாம்:

'திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிற் பரவியுள்ள சவ்வாது மலையில் வாழும், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் பற்றிய வினா இது. கேரள மக்களைப் பற்றியதன்று. கீழே எண்ணிட்ட பத்திகளாக என் களக்குறிப்பு உள்ளது. அதனை மட்டுமே கொண்டு, திருமணச் சடங்குகளை நிகழும் வரிசையில் தொகுத்துத் தருக. ஒவ்வொரு செய்திக்கும் பத்தி எண் குறிக்க. குறிப்பில் இல்லாததனை 'குறிப்பில் இல்லை' என எழுதுக. பிற மலைகளின் வழக்கத்தைக் கலவற்க. பத்திகள் தம்முள் முரணுமிடங்களைத் தனியே காட்டுக.'

இதில் பொருள் வரையறையும் விலக்கும் மூலமும் பணியும் சான்று காட்டும் முறையும் அறியாமையை ஒப்புதற்கு இசைவும் அடங்கியுள்ளன. அணிநலம் ஏதுமில்லை, வேண்டுவதும் இல்லை. பத்தி எண் கேட்பதன் பயன் பெரிது. அவ்வெண்ணைக் கொண்டு ஆய்வாளன் மூலத்தை ஒப்புநோக்கிப் பிழையைச் சில நொடிகளிற் காணலாம். ஒப்புநோக்காது விடின் எண்ணும் வெறும் ஒப்பனையாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் தகும். களக்குறிப்பைப் பொறிக்குத் தருமுன், செய்தி கூறியோரின் பெயர், ஊர்க்குறி, குடும்பச் செய்தி ஆகியவற்றை நீக்குதல் வேண்டும். நம்மை நம்பித் திண்ணையில் அமர்த்தி உரைத்த முதியோர், தம் சொற்கள் வேற்று நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் செல்லும் என எண்ணியிரார். அவர்தம் மருந்தறிவு, வழிபாட்டு மறைபொருள் போல்வன அவரது இசைவின்றித் தரத்தக்கன அல்ல.

6. முடிவு

நல்ல வினா பொறியின் தடுமாற்றத்தைக் குறைக்கும், முற்றும் நீக்காது. எழுதப்படாத ஒன்றனை எத்துணைத் திறமான வினாவும் பொறியினின்று வருவிக்க இயலாது. சவ்வாது மலையின் பேச்சு, பாடல், சடங்கு ஆகியவற்றுட் பல இன்னும் ஏட்டில் ஏறவில்லை. அவை மலையூர்களில் நேரிற் சென்று கேட்டு எழுதப்படவேண்டியன. ஆங்குத் தொடுக்கும் வினாவே முதல் வினா. பொறியினிடத்துத் தொடுப்பது அதன் பின்னதாகும். தொகுத்தற்கும் ஒப்பிடுதற்கும் பொறியைத் துணைக்கொள்க. சான்றுக்கு மக்களையும் கல்லையும் ஏட்டையுமே நாடுக.