பள்ளிவாசலுட் செல்லும் பிறசமயக் குடும்பம்

கண்டி மாநகருக்குக் கிழக்கே மகாவலி நதியை அடுத்துள்ள குண்டசாலை, வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) மாளிகை அமைத்து வாழ்ந்த இடமாகும். அம்மன்னன் மதுரை நாயக்கர் குலத்துப் பெண்களை மணந்தமையால், இந்து சமயத்தவரான உறவினர் பௌத்த அரசவையை அடைந்தனர். கண்டி அரசில் முஸ்லிம்கள் மருத்துவராகவும், மடிகே பத்த எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துப் பகுதியினராகவும் பணிபுரிந்தனர். இத்துணை நெருங்கி வாழ்ந்தோர் ஒருவர் மற்றவரின் வழிபாட்டிடத்தை உட்சென்று கண்டது எவ்வளவு என்பது வேறு வினா.

1912ஆம் ஆண்டிற் கம்பளையில் எழுந்த பிணக்கை நோக்குக. கதிர்காமத் தெய்வத்துக்குரிய வல்லஹாகொட தேவாலயத்துப் பெரஹரா, அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்குமிடத்து வாத்தியங்களை நிறுத்தல் வேண்டுமா என்பதே அதன் பொருள். 1815இன் கண்டி ஒப்பந்தம் தந்த உரிமையைத் தேவாலயத்தார் எடுத்துக்காட்டினர். 1914இல் மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு வெசாக் இரவிற் கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசல் முன் தொடங்கிய கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவிற்று. 2018 மார்ச்சில், குண்டசாலைக்கு அணித்தான திகன, தெல்தெனியப் பகுதிகளிற் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டு, நாட்டில் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. வணிகப் போட்டியும் அரசியலும் இவற்றுட் கலந்திருந்தன என்பது மெய்யே. ஆயினும், தாக்கியோருட் பலருக்குப் பள்ளிவாசல் வீதியிலிருந்து கண்ட ஒரு மதிலாகவே இருந்திருக்கும்.

தமிழ் இந்துக்கள் இதனைக் கேட்டு, "நாகூருக்கு நாம் செல்வதில்லையா?" எனலாம். செல்வதுண்டு. அங்குள்ள ஐந்து மனோராக்களுள் உயர்ந்ததாகிய 131 அடி மனோராவைத் தஞ்சை மராட்டிய மன்னன் பிரதாபசிங்கன் எழுப்பினான். நேர்த்தி வைத்து முடியிறக்கும் இந்துக் குடும்பங்கள் இன்றும் உள. அப்பெரியாரின் பெயராற் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் கொடியேற்றப்படுகின்றது. எனினும், தர்கா வேறு, பள்ளிவாசல் வேறு. தர்கா இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலம். அங்கு சமாதியும் காணிக்கையும் உண்டு. கோயிற் பழக்கமே பெரும்பாலும் கைகொடுக்கும். (முஸ்லிம்களுள்ளேயே அவ்வழக்கத்தை ஏற்காதாரும் உளர்.) பள்ளிவாசலோ கூடித் தொழும் இடம்.

அதனுட் புகுவோரின் கண் திருவுருவைத் தேடி ஏமாறும். எதிர்ச்சுவரில் வளைவாகக் குடைந்த மாடம் ஒன்றைக் கண்டு, மூலத்தானம் போலும் எனக் கைகூப்பவும் தோன்றும். மிஹ்ராப் எனப்படும் அம்மாடத்துள் யாதும் இல்லை. மக்காவின் திசையைக் காட்டுவதே அதன் பயன். இலங்கையில் அத்திசை மேற்கிற்குச் சற்று வடக்காக அமையும். ஆதலின், வீதியின் போக்கிற்கேற்பக் கட்டிய மண்டபத்தில் விரிப்பின் கோடுகள் மட்டும் சாய்ந்து செல்லுதலும் உண்டு. அருகே படிகளுடன் நிற்கும் மிம்பர், வெள்ளிக்கிழமைப் பேருரைக்குரிய மேடை. கோயிலில் வழிபடுவோன் கோபுரம், மண்டபம் என ஒன்றன்பின் ஒன்றாக உட்சென்று கருவறைக்கு முன் நிற்பான். அதற்கப்பால் அர்ச்சகரே செல்வர். பள்ளிவாசலிற் கருவறை இல்லாமையால் முன்வரிசை முந்தி வந்தவனுக்கு உரியது. ஆகமங் கற்றோர் ஆராயத்தக்க வேறுபாடு இது: ஒன்று இறைவனை ஓரிடத்தில் எழுந்தருளச் செய்து அவ்விடம் நோக்கிச் செல்லும் அமைப்பு, மற்றது எங்கும் எழுந்தருளச் செய்யாது, உலகிலுள்ளோர் அனைவரையும் ஒருமுகமாக நிறுத்தும் அமைப்பு.

கொழும்புப் புறக்கோட்டையில் 1908–1909இற் செவ்வெண் வரிகளோடு கட்டப்பட்ட ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசலைத் தொழுகை நடவாத வேளைகளிற் பிறசமயத்தாரும் பார்வையிடுவர். ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் ஒக்டோபர் 3ஆம் நாள் பள்ளிவாசல்கள் அயலார்க்குத் திறந்துவிடப்படுகின்றன. சிற்றூர்ப் பள்ளிகளில் நிருவாகத்தினரை முன்கூட்டியே கேட்டுச் செல்லுதல் முறை. பெண்களுக்குத் தனியிடம் இல்லாத பள்ளிகள் இலங்கையிற் பலவாதலின், குடும்பமாகச் செல்வோர்க்கு இஃது இன்றியமையாதது. பாதணி கழற்றுதல் இந்துக்களுக்குப் புதிதன்று. உடலை மூடும் உடையும், பெண்கள் தலைமேல் முந்தானையும் போதும். வுழூ என்னும் கைகால் கழுவுஞ் சடங்கு தொழுவோர்க்கே உரியது. தொழுதுகொண்டிருப்பவர் முன்னே குறுக்கே நடத்தல் ஆகாது. சிறுவர்க்கு இதனை வாயிலிலேயே சொல்லிவைத்தல் நன்று.

இலங்கைப் பள்ளிவாசல்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமை உரை தமிழிலேயே நிகழ்கின்றது. அரபு ஓதலுக்கிடையே அங்கு பேசப்படும் நோன்பும், ஸகாத்தும், அயலார்க்குச் செய்யவேண்டிய கடமையும், மதிலுக்கு வெளியே செல்லும் தமிழ்க் குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கும்.