உங்க தெருப் பூங்கா யாரோடது?

தஞ்சாவூர்னா சிவகங்கைப் பூங்கா. ஈரோடுன்னா வ.உ.சி. பூங்கா. இந்த மாதிரி நடுத்தர அளவு ஊர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல ஒரு பெரிய பூங்கா இருக்கும். சொந்தக்காரங்க வந்தா கூட்டிட்டுப் போறது, லீவு நாள்ல குடும்பத்தோட போய் பொரி சாப்பிடறது எல்லாம் அங்கதான். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டு வர்ற பையனோ பொண்ணோ பஸ் ஏறி அங்கே போகப் போவதில்லை. அவங்களுக்கு வேண்டியது தெருமுனையில் ஒரு துண்டு நிலம். அம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டா காதுல விழணும், அவ்வளவு தூரம்தான்.

அந்தத் துண்டு நிலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது எங்கிருந்து வருகிறது, எப்படிக் காணாமல் போகிறது, இருந்தால் அதை என்ன செய்யலாம்னு பார்ப்போம். சிவில் டிபார்ட்மெண்ட் மட்டும் படிக்க வேண்டியது இல்லை, வீட்டுமனையில் குடியிருக்கிற எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

ஒருத்தர் அஞ்சு ஏக்கர் வயலை வாங்கி மனை பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது நாம டி.டி.சி.பி.ன்னு சொல்றவங்களோட, அனுமதி வேண்டும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதில் ஒரு கணக்கு சொல்கிறது. மொத்த இடம் 3,000 சதுர மீட்டர் வரை என்றால் பூங்காவுக்கு ஒன்றும் விட வேண்டாம். 3,000-க்கு மேல் 10,000 வரை என்றால், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதம் விட வேண்டும், அல்லது அதற்கு ஈடான பணத்தைக் கட்டலாம். 10,000-ஐத் தாண்டிவிட்டால் பணம் செல்லாது. நிலமாகத்தான் கொடுக்கணும். அதையும் சும்மா வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டினால் போதாது, உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். இதற்குத் திறந்தவெளி ஒதுக்கீடு என்று பெயர், சுருக்கமா ஓ.எஸ்.ஆர். கோவைப் பக்கம் போனா "ரிசர்வ் சைட்"னு சொல்லுவாங்க.

"பரவாயில்லையே, புரமோட்டர் இலவசமா நிலம் கொடுக்கிறாரே" என்று தோன்றும். அவர் கையிலிருந்து எதுவும் போகவில்லை. ரோட்டுக்கும் பூங்காவுக்கும் போன நிலத்தின் விலையை மிச்ச மனைகளின் மேல் ஏற்றித்தான் சதுர அடிக்கு இவ்வளவுன்னு ரேட் போடுகிறார். பேங்க்ல லோன் வாங்கி, நகையை வித்து, உங்க அப்பா வாங்கின 1,200 சதுர அடியின் விலைக்குள்ளேயே பூங்காவின் விலையும் ஒளிந்திருக்கிறது. அதனால் அந்த இடம் காணாமல் போகும்போது போவது "கவர்மெண்ட் இடம்" இல்லை. காசு கொடுத்து வாங்கினவங்க இடம்.

சரி, 10 சதவீதம்னா எவ்வளவு? நம்ம அஞ்சு ஏக்கரையே எடுத்துக்குவோம். 20,234 சதுர மீட்டர். ரோட்டுக்கு 30 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 14,160. அதில் பத்தில் ஒன்று 1,416 சதுர மீட்டர், நம்ம ஊர் அளவில் 35 சென்ட். பூங்கா போக மீதி இடத்தில் 1,200 சதுர அடி மனை சுமார் 114 வரும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 456 பேர். ஆளுக்குக் கிடைப்பது 3.1 சதுர மீட்டர், ஒரு கயிற்றுக் கட்டிலும் அதைச் சுற்றி நடக்கக் கொஞ்சம் இடமும். மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டி ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாலே, தெரு அளவில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. மாடி எடுத்து வாடகைக்கு விட்டால் அதுவும் பாதியாகும். அதனால்தான் இருக்கிற 35 சென்ட்டை விடக்கூடாது என்கிறேன். அது தாராளமாகக் கிடைத்தது இல்லை, குறைந்தபட்சத்துக்கும் குறைவு.

காணாமல் போகும் வழிகள் பல. பழைய லேஅவுட்டுகளில் தானப் பத்திரம் எழுதாமலே விட்டிருப்பார்கள். வரைபடத்தில் பூங்கா, பட்டாவில் இன்னும் பழைய நிலக்காரர் பெயர். இருபது வருஷம் கழித்து அவர் வாரிசுகள் அதையே மூணு மனையாகப் பிரித்து விற்பார்கள், வாங்குகிறவருக்கு விஷயமே தெரியாது. அனுமதியே வாங்காமல் போட்ட மனைப்பிரிவுகள் இன்னொரு பக்கம். 2016 அக்டோபர் 20 வரை விற்ற அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள 2017-இல் அரசு வழி செய்தது. மனைக்காரர்களுக்கு அது நிம்மதிதான், பத்திரம் போட முடியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர். ஆனால் பூங்காவே விடாமல் போட்ட இடத்தில் கட்டணத்தை வைத்துக்கொண்டு பூங்காவை எங்கே போடுவது? சுத்தி எல்லாம் வீடாயிடுச்சு.

மூன்றாவது வழிதான் தர்மசங்கடம். மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, குப்பை பிரிக்கிற ஷெட், பிள்ளையார் கோயில். எல்லாமே ஊருக்கு வேண்டியவை, எதிர்த்துப் பேசினால் "தண்ணித் தொட்டி வேண்டாமா உனக்கு?" என்பார்கள். ஒவ்வொன்றும் அஞ்சு சென்ட், பத்து சென்ட் எடுக்கும். கடைசியில் மிஞ்சுவது தொட்டிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு சந்து.

பெங்களூர்ல இதே தர்மசங்கடம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரி நல்லதுதானே என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். பூங்காவுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கியதை நிர்வாகம் தன் விருப்பத்துக்குத் தனியாருக்கு மாற்ற முடியாது, அங்கே குடியிருப்பவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்று 1991-இல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் ஓ.எஸ்.ஆர். வழக்குகளில் வக்கீல்கள் கையில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். தமிழ்நாட்டிலோ பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி இவற்றைக் காப்பாற்ற 1959-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, எந்த இடம் என்று காட்டும் காகிதம்தான் யார் கையிலும் இருப்பதில்லை.

அந்தக் காகிதத்தைத் தேடுவது பெரிய வித்தை இல்லை. வீட்டுப் பத்திரத்தை எடுங்கள் (பீரோவில் அம்மாவோட பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும்). லேஅவுட் அனுமதி எண்ணும் சர்வே எண்ணும் அதில் இருக்கும். பல வீடுகளில் லேஅவுட் நகலையே பத்திரத்தோடு பின் பண்ணி வைத்திருப்பார்கள். அதில் மனை எண் போடாமல் "பூங்கா" என்றோ "பொது உபயோகம்" என்றோ எழுதிய கட்டத்தைப் பாருங்கள். பிறகு அந்த சர்வே எண்ணை அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வரும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதும் தெரியும், பார்க்கக் காசு இல்லை. இரண்டிலும் குழப்பமாக இருந்தால் பத்து ரூபாய் கட்டணத்தோடு உள்ளாட்சிக்கு ஒரு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் சொல்லியாகணும். ஊராட்சிப் பகுதி என்றால் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் பேசலாம்.

இடம் பத்திரமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பிரச்சினை, அதை "அழகுபடுத்துவது". வழக்கமான டெண்டர் பூங்கா எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். முழுக்க பேவர் பிளாக், நடுவில் ஓடாத நீரூற்று, சிமெண்ட் மான் ஒன்று, "இங்கு கிரிக்கெட் விளையாடக் கூடாது" என்று ஒரு போர்டு. வாக்கிங் போகிற பெரியவர்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதுவரைக்கும் அந்த மண்ணில் ஸ்டம்பு நட்டு விளையாடின பசங்க ரோட்டுக்குத் துரத்தப்பட்டார்கள். ரோட்டில் டூவீலர்கள் நடுவே பந்தைத் துரத்துவதுதான் ஆபத்து என்று யாரும் போர்டு வைப்பதில்லை.

35 சென்ட்டில் இரண்டும் நடக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். இடம் ஏறக்குறைய சதுரமாக இருந்தால் ஓரத்துக்கு ஓரம் 37, 38 மீட்டர். சுற்றிலும் நடைபாதை விட்டால் ஒரு சுற்று 140 மீட்டர் போல வரும், ஏழு சுற்று ஒரு கிலோமீட்டர். உள்ளே வாலிபால் கோர்ட் 18-க்கு 9, சுற்றிலும் மூணு மீட்டர் விட்டால் 360 சதுர மீட்டர். கபடிக் களம் 13-க்கு 10. இரண்டும் போட்டும் ஊஞ்சலுக்கும் நாலு வேப்பமரத்துக்கும் இடம் மிஞ்சும். கிரிக்கெட்டுக்கு இடம் பத்தாதுதான், அதை ஒத்துக்கொள்ளணும்.

தரையை மண்ணாகவே விடுங்கள் என்பதற்கு இன்னொரு காரணம் மழை. ஒரே மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் இந்த 1,416 சதுர மீட்டரில் விழுவது சுமார் 70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஆறு லோடு. மண் தரையும் ஒரு உறிஞ்சுகுழியும் இருந்தால் அதில் நல்ல பங்கு கீழே இறங்கி பக்கத்து வீட்டு போருக்குப் போகும். இடுக்கில் சிமெண்ட் பூசிய பேவர் பிளாக் என்றால் பெரும்பாலும் ரோட்டுக்கு. அதுவும் லேஅவுட்டிலேயே பள்ளமான மூலையைத்தான் பூங்காவுக்குத் தள்ளிவிடுவது வழக்கம், அதனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று லெவல் எடுக்காமல் எதையும் கட்ட ஆரம்பிக்கக் கூடாது.

பெண் பிள்ளைகள் விஷயம் ஒன்று பாக்கி. ஒரே ஒரு பெரிய மைதானம் என்றால் பெரிய பசங்க மொத்தத்தையும் பிடித்துக்கொள்வார்கள், பத்து வயசுக்கு மேல் பொண்ணுங்க வருவது நின்றுவிடும். இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990-களின் பிற்பகுதியில் இதையே ஆய்வு செய்து கண்டுபிடித்தார்கள். பிறகு இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தபோது பெரிய இடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, பேட்மிண்டனும் வாலிபாலும் போட்டார்கள், பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். நம்ம 35 சென்ட்டுக்கும் இது பொருந்தும். ஒரு பெரிய களத்துக்குப் பதில் இரண்டு சின்னக் களம், நடுவில் உட்கார ஒரு திண்ணை, தெருவிலிருந்து உள்ளே நேராகப் பார்க்க முடிகிற கம்பி வேலி, சாயந்திரம் ஆறரைக்கு எரிகிற விளக்கு. பூட்டுச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்து வைத்தால் லீவு நாள் மத்தியானமும் கேட் திறக்கும்.