பரமட்டாவுக்கு வந்த வங்காளச் செம்மறி

போன பள்ளி விடுமுறையில் மகளை எலிசபெத் ஃபாம் பார்க்கக் கூட்டிப் போனேன். பென்டில் ஹில்லில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பரமட்டா. அங்கிருந்து ரோஸ்ஹில் பக்கம் கொஞ்சத் தூரம் நடை. 1793இல் ஜோன் மக்காத்தர் கட்டிய வீடு அது. பழைய 2 டொலர் தாளில் மெரினோக் கடாவோடு இருந்தாரே, அவர்தான்.

"இவர்தான் அப்பா, ஸ்பெயின் செம்மறியை இங்க வளர்த்தவர்" என்றாள், பள்ளியில் படித்த நினைவில்.

"அதுக்கு முதலே இவரிட்ட கல்கத்தாச் செம்மறி இருந்தது" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. இதற்குச் சாட்சி இரண்டு: ஒன்று காகிதம், மற்றது மரபணு.

காகிதம் சொல்வது இது. 1790களின் தொடக்கத்தில், பட்டினியில் கிடந்த இந்தக் குடியேற்றத்துக்குக் கல்கத்தாவிலிருந்து கப்பலில் செம்மறிகள் வந்தன. மக்காத்தர் 60 வங்காள மறிகளையும் குட்டிகளையும் வாங்கினார். அவற்றுக்குக் கம்பளி கிடையாது, வெறும் மயிர்தான். ஓர் ஐரிஷ் கடாவோடு சேர்த்தபோது, பிறந்த குட்டிகளின் உடலில் மயிரும் கம்பளியும் கலந்து வந்தன. நல்ல கம்பளி இங்கே விளையும் என்ற எண்ணம் அதைப் பார்த்துத்தான் வந்தது என்று அவரே பின்னர் எழுதினார். மெரினோக்கள் தென்னாபிரிக்காவின் கேப் வழியாக 1797இல் வந்து சேர்ந்தன. பிறகு வங்காளச் செம்மறியைப் பற்றிப் பேச ஆளில்லை.

இனி மரபணு. செம்மறியின் வரலாற்றை இப்போது பழைய எலும்புகளிலிருந்தே வாசிக்கிறார்கள். 2025இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, மொங்கோலியாவிலிருந்து அயர்லாந்து வரை கிடைத்த எலும்புகளில் இருந்து 118 செம்மறிகளின் மரபணுத் தொகுதிகளை எடுத்தது. 12,000 ஆண்டுக் கதை. துருக்கியின் அஷிக்லி ஹோயுக் போன்ற ஊர்களில் மனிதர் செம்மறியைப் பட்டியில் கட்டிய காலம் தொட்டு அது நீள்கிறது.

ஆனால் வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். வங்காளத்துச் சேற்றில் புதைந்த எலும்பு அவ்வளவாக உதவாது. அங்கே உயிருள்ள ஆடுதான் ஏடு.

அந்த ஏடு திறந்தது நியூ சவுத் வேல்ஸின் கூமாவுக்குப் பக்கத்தில், 'பூரூலா' என்ற பண்ணையில். அங்கிருந்த மெரினோக்கள் ஒரே ஈற்றில் மூன்று, நான்கு, ஐந்து குட்டிகள்கூட ஈன்றன. சாதாரண மெரினோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஈனும். 1950களின் இறுதியில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அந்த ஆடுகளைப் பெற்று ஆராயத் தொடங்கியது. ஹெலன் நியூட்டன் டேர்னர் என்ற மரபியலாளர் அவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் பழைய பதிவுகளுக்குள் போனார். 2001இல் காரணம் பிடிபட்டது: ஒரேயொரு மரபணுவில் ஓரெழுத்து மாற்றம். 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. நான் மென்பொருள் எழுதுகிறவன்; ஓரெழுத்து மாறினால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இங்கே நடந்தது, கருப்பையில் கூடுதல் குட்டி.

அடுத்த ஆண்டே அதே எழுத்து மாற்றம் மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்தின் காரோல் செம்மறியில் கண்டறியப்பட்டது. வளர்ந்த ஆடே 10 முதல் 15 கிலோதான் வரும். சதுப்பில் நின்று மேயும் சின்ன ஆடு. கல்கத்தாக் கப்பலில் வந்தவை இதன் உறவுகள்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மயிரும் உருவமும் தலைமுறைக்குத் தலைமுறை மறைந்து போயின. அந்த ஓரெழுத்து மட்டும் மெரினோவின் கம்பளிக்குள் இருநூறு ஆண்டுகள் இருந்திருக்கிறது.

இது பழங்கதையோடு முடியவில்லை. பரந்த ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலத்தில் மூன்று நான்கு மெலிந்த குட்டிகளை யார் கவனிப்பது? தாய்க்குப் பால் போதாது, குட்டிகள் சாகும். அதனால் பூரூலா இங்கே பெரிதாகப் பரவவில்லை. ஆனால் மகாராஷ்டிராவின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் அதே மரபணுவைக் காரோலிலிருந்து தக்காணிச் செம்மறிக்குக் கொண்டுவந்தது. 'நாரி சுவர்ணா' என்று பெயர். மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே போதும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி. மந்தை சிறிது, ஒவ்வொரு குட்டியும் இடையரின் கண்பார்வையில் வளரும். வறண்ட நிலத்தில் ஒரு குட்டிக்குப் பதில் இரண்டு என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய வித்தியாசம்.

திரும்பி வரும்போது ரயிலில் மகள் கேட்டாள்: "அப்ப அந்த ஆடுகள் அழிஞ்சு போகேல்லையோ?"

"ஆளை அடையாளம் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். வென்ட்வேர்த்வில் தாண்டியதும், "இதை நான் வகுப்பில சொல்லப் போறன்" என்றாள்.